பால்கனிக்கு வரும் சிறு பறவைகள்



டிசம்பர் மாதத்துப் புனேயின் காலைப்பொழுதை உங்களுக்கு விவரிக்கவேண்டிய அவசியமில்லை. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களும், வேலையின் நிமித்தம் அண்மையில் வந்து ஹிஞ்ஜவடிப் பக்கத்து அடுக்கு மாடிகளில் குடியேறியவர்களும் இந்தக் குளிரை நன்கு அறிவீர்கள். சில நாட்களில் வெப்பமானி 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் வெயில் வந்தபின்னரே பால்கனிக்கு வருகிறார்கள். அவ்வாறு வந்து உட்காருகிறவர்கள்தாம் முதலாவது கவனிக்கிறார்கள்: செப்டம்பர் வரை கண்ணில் படாத சில சிறு பறவைகள் எதிரே உள்ள மரத்திலும், கம்பிக் கிராதியிலும், துணி காயும் கொடியிலும் வந்து அமருகின்றன. கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க முயலுகிறோம். படத்தில் இலையும் வானமும் மாத்திரம் பதிந்திருக்கின்றன. அடுத்தபடியாக எழும் கேள்வி, "இவற்றை அருகில் வரவழைக்க என்ன தானியம் வைக்கலாம்?" என்பதே.

இக்கேள்விக்கு நேரான பதிலை முதலிலேயே கூறிவிடுகிறேன். புனே போன்ற நகரத்தில் மாடி வீட்டில் இருந்துகொண்டு சிறு பறவைகளைக் காண விரும்பினால், தட்டில் தானியம் வைக்காதீர்கள். தண்ணீர் வையுங்கள், பூச்செடி வையுங்கள். இது சிலருக்கு இரக்கமற்ற ஆலோசனையாகத் தோன்றலாம். காரணத்தைக் கேட்டபின் முடிவுசெய்யுங்கள்.

குளிர்காலத்தில் தோட்டத்தில் இரைத்தட்டு தொங்கவிடும் வழக்கம், பனி பெய்யும் நாடுகளில் வேரூன்றிய ஒன்று. அங்கே பூமியும் கிளைகளும் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும்; இரவு பதினைந்து பதினாறு மணி நேரம் நீளும்; பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள ஒரு குருவி அந்த இரவைத் தாண்ட உடலில் கொழுப்பு வேண்டும். ஆகவே சூரியகாந்தி விதையும் கொழுப்புக் கட்டியும் வைக்கிறார்கள். சன்னலோரம் அமர்ந்து படமும் எடுக்கிறார்கள். அந்தப் படங்களைக் கண்டுதான் நாமும் ஆசைப்படுகிறோம். ஆனால் நம்முடைய டிசம்பரில் செம்பருத்தி பூத்திருக்கிறது, பூச்சிகள் பறக்கின்றன, அத்திப் பழம் பழுக்கிறது. இங்கே சிறு பறவைக்குப் பஞ்சம் உணவில் அல்ல, தண்ணீரில்தான். அக்டோபரோடு மழை நின்றுவிட, பிப்ரவரிக்குள் புனேயைச் சூழ்ந்த குன்றுகள் காய்ந்த புல்லின் நிறத்துக்கு வந்துவிடுகின்றன அல்லவா?

மேலும், நம் பால்கனிக்கு வரக்கூடிய சிறு பறவைகளில் பெரும்பாலானவை தானியம் தின்பவை அல்ல. தேன்சிட்டு பூவின் தேனையும் சிலந்தியையும் உண்கிறது. தையல்சிட்டும் விசிறிவால் குருவியும் பூச்சி தின்பவை. வெள்ளைக்கண்ணி என்று ஒரு சிறு பறவை உண்டு. பசுமஞ்சள் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை மையால் வளையம் வரைந்தாற்போலிருக்கும். அது கூட்டமாக வந்து இலைக்கு அடியிலுள்ள பூச்சிகளையும் தேனையும் தேடும். கொண்டைக்குருவி பழமும் பூச்சியும் விரும்பும். இவற்றுக்குக் கம்பும் சோளமும் எதற்கு? தட்டிலே தானியம் வைத்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது ஒரே பறவை. அதன் பெயர் நம் அனைவருக்கும் தெரியும்.

மாடப்புறா சுமார் 300 கிராம் எடையுள்ளது. தேன்சிட்டோ 10 கிராமுக்கும் குறைவு. ஒரு தட்டைச் சுற்றி எட்டுப் புறாக்கள் சிறகடிக்கும் இடத்தில் வெள்ளைக்கண்ணி வந்து அமரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை தீனி கிடைத்த இடத்தைப் புறா விடாது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் நான்கு குச்சிகளைப் போட்டு, ஆண்டு முழுவதும் இரண்டிரண்டு முட்டையாக இட்டுக்கொண்டே இருக்கும். பிறகு சொசைட்டிக் கூட்டத்தில் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் முகம் பார்த்துப் பேசாத நிலை உண்டாகும். இதை நம்மில் அநேகர் கண்டிருக்கிறோம்.

இது சச்சரவோடு நிற்கும் காரியமாக இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். புறாவின் காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் மூச்சுவழியாக நாள்தோறும் உட்சென்றால், சிலருடைய நுரையீரல் அதற்கு எதிராக அழற்சி கொள்ளுகிறது. மருத்துவர்கள் இதை ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ் என்கிறார்கள். வறட்டு இருமல், படி ஏறும்போது மூச்சிரைப்பு என்று சாதாரணமாகத் தொடங்கும். காரணம் நீங்காவிட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். தழும்பேறிய பகுதி பழையபடி ஆகாது. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் இந்திய ஆய்வில், 27 மருத்துவ மையங்களில் நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரைப் பரிசோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருந்தது இந்த வகை நோயே. அதற்குப் புறா மாத்திரம் காரணமல்ல, ஏர்கூலரின் பூஞ்சையும் முக்கிய காரணம்; எனினும் பறவைத் தூசி அந்தப் பட்டியலில் தெளிவாக இடம்பெற்றது. "குளிர்காலத்து இருமல்தானே" என்று வீட்டுப் பெரியவர்களின் இருமலை மாதக்கணக்கில் விட்டுவைத்து, பால்கனியில் புறாத் தட்டும் வைத்திருப்பீர்களானால், தயவுசெய்து மருத்துவரிடம் செல்லும்போது புறாவைப் பற்றியும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மும்பையில் 2025ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடந்ததைச் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். பொதுநல ஆரோக்கியத்தை முன்னிட்டு அங்கிருந்த கபூதர்கானாக்களை மூடும்படி மாநகராட்சி பணிக்கப்பட்டது. தாதரிலுள்ள பழைய கபூதர்கானா தார்ப்பாயால் மூடப்பட்டது. புறாவுக்குத் தீனி இடுவதை ஜீவதயையாகக் கைக்கொள்ளும் மக்கள் வருந்தி எதிர்த்தார்கள். அவர்களுடைய மனவேதனையை நாம் இலேசாக எண்ணலாகாது. உயிருக்கு இரங்குகிற மனம் எந்த மார்க்கத்தாரிடத்தில் இருந்தாலும் மதிக்கத்தக்கதே. எனினும் மும்பை உயர்நீதிமன்றம் மக்களின் ஆரோக்கியத்துக்கு முதலிடம் கொடுத்தது. உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

தானியத் தட்டில் வேறொரு அபாயமும் உண்டு; அது பறவைகளுக்கே நேரிடுவது. பிரித்தானியாவில் 2005 முதல் பச்சைப் பாடும்குருவி என்று சொல்லத்தக்க கிரீன்ஃபிஞ்ச் இனம் தொண்டையைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோயால் மடியத் தொடங்கியது. ஒரே தட்டில் பல பறவைகள் எச்சிற்பட்ட தீனியை உண்பதால் அந்நோய் பரவுகிறது. முன்பு எங்கும் காணப்பட்ட அந்தப் பறவை 2021இல் அந்நாட்டின் அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே 2021இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரைத்தட்டுகளின் வழியாகச் சால்மோனெல்லாக் கிருமி பரவி, சிறு குருவிகள் இறந்ததோடு மனிதர்களும் நோயுற்றார்கள். தட்டுகளைக் கழற்றிவிடும்படி மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இரைத்தட்டுப் பழக்கம் நிலைபெற்ற நாடுகளிலேயே நிலைமை இப்படி இருக்கிறது.

தானியம் கொடுக்கவே மனம் துடிக்கிறவர்களுக்கு நம்முடைய முன்னோர் ஒரு வழியை விட்டுச்சென்றிருக்கிறார்கள். ஊரில் அறுவடைக் காலத்தில் நெற்கதிர்களைக் குஞ்சம்போலப் பின்னி வீட்டு முகப்பில் கட்டித் தொங்கவிடுவது உண்டு. குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு மணியாக உரித்துத் தின்னும். புறாவால் அப்படித் தொங்க முடியாது. கீழே சிந்தும் மணி வெகு சொற்பம். இதைவிடப் பொருத்தமான இரைத்தட்டைக் கடையில் நான் கண்டதில்லை. நெற்கதிர் புனேயில் கிடைக்காவிட்டால், மண்டியில் ராளா என்று கேளுங்கள். அது நம்முடைய தினையே. பெரிய தொட்டியில் செப்டம்பர் மாதத்தில் ஒரு பிடி விதைத்தால் மூன்று மாதத்தில் கதிர் பிடிக்கும். புள்ளிச்சில்லை என்னும் சிறு பறவை, மீன் செதில்போன்ற கோலம் மார்பில் உள்ளது, கதிரின்மேலேயே வந்து அமர்ந்து தின்னும். கதிர் வளைய, அதனோடு அதுவும் வளைந்து ஆடும் காட்சியைப் படம் பிடிக்க அதிகத் திறமை வேண்டியதில்லை.

இனித் தண்ணீரைப் பற்றி. குயவர் செய்யும் அகன்ற மண் தட்டு போதும். பளபளப்புப் பூசாததாக இருக்கட்டும், வழுக்காது. ஆழம் ஓர் அங்குலத்துக்கு மேற்படலாகாது. நடுவே ஒரு தட்டையான கல்லை, அதன் தலை நீருக்கு வெளியே தெரியும்படி வையுங்கள். தேன்சிட்டு அந்தக் கல்லின்மேல் இறங்கித்தான் குளிக்கும். செடியின் அருகில் வைத்தால் பயந்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். ஆனால் பூனை பதுங்கும் மறைவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுவது கட்டாயம், தட்டின் விளிம்பைத் தேய்த்துக் கழுவுவதும் கட்டாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீரின் ஓரத்தில்தான் முட்டையை ஒட்டிவைக்கிறது; நீரைக் கொட்டினாலும் ஒட்டிய முட்டை காய்ந்தபடி பல வாரம் உயிரோடிருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

பூச்செடிகளில் செம்பருத்தி, இட்லிப்பூ, நர்சரிக்காரர் ஹமேலியா என்று சொல்லும் செம்மஞ்சள் குழற்பூச் செடி ஆகிய மூன்றும் புனேயின் வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கும். பால்கனிக்குப் புறா வலை கட்டியிருக்கிறவர்கள், "இனி எந்தப் பறவையும் வராது" என்று வருந்துகிறார்கள். தேன்சிட்டு அந்த வலைக் கண்ணியின் ஊடே நுழைந்து வெளியேறக் கற்றுக்கொள்கிறது. வலை தொய்வில்லாமல் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கவேண்டும். தொய்ந்த வலையில் கால் சிக்கும்.

யார் யார் வருவார்கள்? முதலாவது தேன்சிட்டைக் கூறுவேன். ஊதாத் தேன்சிட்டின் ஆண் பறவை கோடையில் கருநீலமாய் மின்னும். மழைக்காலம் கழிந்து குளிர் தொடங்கும்போது அந்தப் பளபளப்பை இழந்து பெட்டையைப்போலப் பழுப்பாகிவிடும். நெஞ்சின் நடுவில் மாத்திரம் மையால் இழுத்தாற்போன்று ஒரு கரிய கோடு எஞ்சியிருக்கும். டிசம்பரில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். அதே பறவையை வாரந்தோறும் படமெடுத்து வைத்தால், கோடை நெருங்க நெருங்கக் கருநீலத் திட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பரவுவதை ஒரு தொகுப்பாகக் காணலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து, அக்டோபரில் வந்து சேரும் ஒரு விருந்தாளி. மராட்டியர் இதைத் திர்திரா என்கிறார்கள். வால் சதா நடுங்கிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். கரிய மேனி, செங்கல் நிற வயிறும் வாலும், பெட்டை பழுப்பு. இமயத்துக்கும் திபெத்துக்கும் உரிய உயர்ந்த நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தெற்கே இறங்கி வருகிறது. நம்மைப்போலவே பிழைக்க இறங்கி வந்தது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் தொல்லை அதற்கு இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து, கீழே இறங்கிப் பூச்சியைப் பிடித்து, மீண்டும் அதே இடத்துக்கு வரும் வழக்கமுள்ளது. படமெடுக்கிறவருக்கு இந்தப் பழக்கம் பெரும் அநுகூலம்: பறவையைத் துரத்த வேண்டாம், அது திரும்பி வரும் இடத்தை நோக்கிக் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வரும் செம்மார்பு ஈப்பிடிப்பானும் புனேயின் நிழல் மரங்களில் உண்டு; வாலை வெடுக்கென்று உயர்த்தும்போது வாலின் அடியில் இருபுறமும் வெள்ளை தெரியும்.

இந்த மராட்டிப் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் அன்பான வேண்டுகோள். தேன்சிட்டு அவர்களுக்கு ஷிஞ்ஜீர், தையல்சிட்டு ஷிம்பி, அதாவது தையற்காரர், சிட்டுக்குருவி சிமணி. மெழுகால் வீடு கட்டிய சிமணியும் சாணத்தால் வீடு கட்டிய காகமும் மழையில் என்ன ஆனார்கள் என்ற கதையை உங்கள் பக்கத்து வீட்டு ஆஜியிடம் கேளுங்கள். மொழி சரளமாய் வராமல் பகலெல்லாம் தனித்திருக்கும் சகோதரிகளுக்கு, "உங்கள் கேலரிக்கு ஷிஞ்ஜீர் வருகிறதா?" என்ற ஒரு வாக்கியம் எத்தனை கதவுகளைத் திறக்கும் என்று சொல்லி முடியாது. பறவைகளின் மராட்டிப் பெயர்களையெல்லாம் தேடித் தொகுத்து 'பட்சிகோஷ்' என்ற நூலாக்கியவர் சோலாப்பூரில் பிறந்த வன அதிகாரி மாருதி சித்தம்பள்ளி. 2025இல் பத்மஸ்ரீ பெற்று, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காலமானார்.

சிட்டுக்குருவி என்றதும், வேதத்தில் நாம் வாசிக்கும் அடைக்கலான் குருவி நினைவுக்கு வரும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி, பம்பாயில் சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததைக் கண்டு வியந்து, அது என்னவென்று அறிய இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றார். அந்தக் கேள்வியே அவருடைய வாழ்வின் வேலையாயிற்று. 1985இல் வெளியான தம்முடைய தன்வரலாற்றுக்குக் 'குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வழியாக மத்தேயு 10ஆம் அதிகாரத்தை எட்டுகிற தலைப்பு அது. எரவாடாவில் முளா-முட்டா ஆற்றங்கரையிலுள்ள பறவைப் புகலிடம் அவருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது. நம்முடைய சிட்டுக்குருவியைப் பற்றியும் ஒரு செய்தி: 2020ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் அறிக்கைப்படி, நாடு முழுவதையும் நோக்கினால் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை, மும்பை, பெங்களூரு முதலிய ஆறு பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது. கைப்பேசிக் கோபுரத்தால் அழிந்தே போயிற்று என்று மேடைதோறும் சொல்லப்படுவதை அப்படியே நம்பவேண்டியதில்லை.

படமெடுப்பதைக் குறித்துச் சில வார்த்தைகள். விலையுயர்ந்த லென்ஸ் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் பறவையை நம்மருகே வரச்செய்யவேண்டும், அவ்வளவே வேறுபாடு. நீர்த்தட்டின் அருகே ஒரு காய்ந்த குச்சியைத் தொட்டியில் நட்டுவையுங்கள். இறங்குமுன் பறவை அதில் அமர்ந்து நாற்புறமும் பார்க்கும். படம் அந்தக் கணத்தில்தான். அறையின் விளக்கை அணைத்து, திரையைச் சிறிது விலக்கி உள்ளிருந்தே எடுங்கள். குளிர்காலத்தில் ஏழரை முதல் ஒன்பது மணி வரை வெயில் சாய்வாக விழும். அந்த ஒளியில் வெள்ளைக்கண்ணியின் கண் வளையம்கூடத் தெளிவாய் வரும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தாலன்றித் தேன்சிட்டின் சிறகு மங்கலாகவே இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். சிங்ககட் கோட்டையின் அடிவாரப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் அனுபவசாலிகளும் சிறு நீர்க்குட்டையின் அருகே அசையாமல் காத்திருக்கிறார்கள். நாம் பால்கனியில் செய்வது அதன் சிறிய வடிவமே.

கூட்டைப் படமெடுப்பதைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். தேன்சிட்டு சிலந்தி நூலால் பின்னிய பையைத் துணிக்கொடியிலும் மின்கம்பியிலும் தொங்கவிடும். அழகாயிருக்கிறதென்று ஸ்டூல் போட்டு ஏறிக் கைப்பேசியை உள்ளே நீட்டினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். காகமும் நம்மைக் கவனித்துக் கூட்டைக் கண்டுகொள்ளும். குஞ்சுகள் பறந்துபோகும்வரை கொடியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள். சில்லையையும் கிளியையும் வாங்கிக் கூண்டில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நம்மவருள் மா. கிருஷ்ணன் என்பவர் இருந்தார். சென்னையில் வாழ்ந்து, கறுப்பு வெள்ளைப் படங்களோடு, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை இயற்கையைப் பற்றிய பத்தி எழுதிவந்தார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டைச் சுற்றித் திரியும் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்துள்ளன. ஊருக்குப் போகும்போது தேடி வாங்குங்கள்.

கண்டவற்றைக் குறித்துவைக்கவும் வழி உண்டு. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகமெங்கும் வீட்டுப்புறப் பறவைகளைக் கணக்கிடுகிறார்கள். 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்குகொள்ளுகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் பதிவுசெய்தால் போதும், புறாவையும் எழுதவேண்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களிலும் இதுபோல நடக்கிறது. விடுமுறைக்கு ஊரில் இருப்பவர்கள் அதில் சேரலாம். பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும், படத்தைக் காட்டினாலும் குரலைக் கேட்கச்செய்தாலும் அது பெயரைச் சொல்ல முயலும்.

மார்ச் முடிவுக்குள் திர்திரா வடக்கே புறப்பட்டுவிடும். அதிகாலை ஜெபத்துக்கு எழும்புகிறவர்களின் காதில் அதற்குள் வண்ணாத்திக்குருவியின் பாட்டு விழத் தொடங்கியிருக்கும். சூரியன் உதிக்குமுன்னே ஆன்டெனாக் கம்பத்தின் உச்சியிலிருந்து அது பாடும். ஏப்ரலில் புனே 40 பாகையை எட்டும்போது நீர்த்தட்டு நண்பகலுக்குள் வற்றிப்போகும், ஆகையால் காலையில் ஒருமுறையும் பகல் உணவுக்குப் பின் ஒருமுறையும் ஊற்றுங்கள். தட்டை நிழலுக்கு மாற்றும்போது கல்லையும் குச்சியையும் கூடவே மாற்றுங்கள்.